திண்ணை போய் ஷட்டர் வந்த கதை: வாசகர் கேள்வி பதில்

சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய பழைய தெருக்களில் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபடுவதைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கேள்விகளைப் பார்த்தால் பாதிப் பேருக்குக் கோபம், மீதிப் பேருக்கு வீட்டை இடிக்கலாமா என்று கணக்கு. இரண்டுக்கும் இந்த இதழில் இடம் உண்டு.

கேள்வி: எங்கள் ஆயா லிங்கிச் செட்டித் தெருவில் பிறந்து வளர்ந்தவர். அந்தக் காலத்தில் தெரு முழுக்கத் திண்ணையும் மரத்தூணுமாக இருக்கும் என்கிறார். நான் போனால் ஷட்டரும் ஏ.சி. பெட்டியும்தான் தெரிகிறது. இதை எப்போது, யார் மாற்றினார்கள்?
(கல்லூரி மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை)

யாரும் ஒரு நாள் உட்கார்ந்து வரைபடம் போட்டு மாற்றவில்லை தங்கச்சி. ஒரு வீட்டில் பாகப்பிரிவினை, அடுத்த வீட்டில் வாடகை வழக்கு, அதற்கடுத்த வீட்டில் ஐப்பசி மழைக்கு விழுந்த கூரை என்று தனித்தனிக் காரணத்தில் மனை மனையாக இடிந்து, இரண்டு தலைமுறைக்குள் தெருவே வேறு தெருவாகிவிட்டது. அதனால்தான் யாரைத் திட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடித்துக் கட்டுவது இந்தப் பக்கத்துக்குப் புதிது இல்லை. செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி, உள்ளூர்ச் சனங்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரத்தை, 1746ல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் கொஞ்சமும், அவர்கள் திருப்பிக் கொடுத்த பிறகு 1757 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மீதியும் இடித்துத் தள்ளினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட எதிரே வெட்டவெளி வேண்டும், அவ்வளவுதான் காரணம். இன்று உயர் நீதிமன்ற வளாகம் இருக்கிறதே, அந்த இடம்தான். அங்கே இருந்த பெருமாள் கோயிலும் அதில் போனது. அதற்கு ஈடாகத்தான் பூக்கடைக்குப் பக்கத்தில் தேவராஜ முதலி தெருவில் சென்னகேசவரும் சென்ன மல்லீசுவரரும் பக்கத்துப் பக்கத்தில் கோயில் கொண்டார்கள். இந்த எல்லைக்குள் இனி யாரும் கட்டக்கூடாது என்று 1773ல் நட்ட எல்லைத் தூண்களில் மிஞ்சியது இன்னும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக நிற்கிறது, தினமும் ஆயிரக்கணக்கான பேர் அதைத் தாண்டிப் பஸ் பிடிக்கிறார்கள். துரத்தப்பட்ட சனங்கள் போய்ச் சேர்ந்த முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும்தான் 1911ல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் வாங்கின. உங்கள் ஆயாவின் தெரு அந்த இரண்டாவது ஊரைச் சேர்ந்தது.

அந்த இரண்டாவது ஊரின் வீட்டு அமைப்பைப் பார்த்தால்தான் இன்றைய மாற்றம் புரியும். மனை குறுகலாக, ஆனால் நீளமாக இருக்கும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், ஜன்னல் வைக்க வழியில்லை. ஆகவே முன்னால் திண்ணை, அப்புறம் ரேழி, நடுவில் முற்றம், பின்கட்டு, கிணறு. வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியாகத்தான் உள்ளே இறங்கும். கீழே கடையோ, கிட்டங்கி என்ற சரக்குக் கிடங்கோ இருக்கும், மேலே குடும்பம். வியாபாரமும் குடித்தனமும் ஒரே கூரைக்குக் கீழே நடந்த வீடுகள் அவை.

இதில் முதல் அடி 1960ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடியிருப்பவருக்கு அது பெரிய பாதுகாப்பு, நான் மறுக்கவில்லை. ஆனால் மாதம் நூறோ இருநூறோ வாடகை வாங்கும் வீட்டுக்காரர் கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பாரா? மாட்டார். கட்டடம் தானாக விழட்டும், அப்போதாவது குடித்தனக்காரர் காலி செய்வார் என்று காத்திருந்த உரிமையாளர்கள் எத்தனையோ பேர். அந்தச் சட்டத்தை மாற்றிப் புதுச் சட்டம் 2019ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் பாதித் தெரு முடிந்துவிட்டது. அடுத்தது கொத்தவால் சாவடி. காய்கறிச் சந்தை 1996ல் கோயம்பேட்டுக்குப் போனதும் சுற்றியிருந்த கிட்டங்கிகளுக்கு வேலை போனது. வேறு சரக்குகள் அந்த இடத்தைப் பிடித்தன. புதுச் சரக்குக்கு முற்றம் எதற்கு, திண்ணை எதற்கு? தெருவைப் பார்த்த முன்பக்கம் ஒவ்வொரு அடிக்கும் வாடகை தரும், ஆகவே திண்ணையை வெட்டி ஷட்டர். நடுவில் மழை கொட்டும் முற்றம் பணம் தராது, ஆகவே அதன் மேல் கான்கிரீட் பலகை.

இங்கேதான் வேடிக்கை. ஜார்ஜ் டவுன் சட்டப்படி தொடர் கட்டடப் பகுதி, அதாவது பக்கத்தில் இடம் விடாமல் சுவரோடு சுவர் ஒட்டியே கட்டலாம். அந்தச் சலுகை பழைய வீட்டு வடிவத்துக்காக வந்தது. புதுக் கட்டடம் சலுகையை மட்டும் எடுத்துக்கொண்டு முற்றத்தை விட்டுவிட்டது. பக்கத்திலும் ஜன்னல் இல்லை, நடுவிலும் வானம் இல்லை. பகலிலேயே டியூப் லைட், முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி, அந்தக் கண்ணாடிக்குள் வெந்து போகாமல் இருக்க நீங்கள் பார்த்த ஏ.சி. பெட்டிகள். ஆயாவின் வீட்டில் அன்று கரண்ட் இல்லாமல் வந்த காற்றை இன்று மாதா மாதம் பில் கட்டி வாங்குகிறார்கள்.

கேள்வி: இந்தியாவின் பழைய ரயில் நிலையம் ராயபுரம்தான் என்று ஸ்டேட்டஸில் போட்டால் பம்பாய் நண்பர் சண்டைக்கு வருகிறார். யார் சொல்வது சரி?
(வாசகர், கல்மண்டபம்)

ரயில் முதலில் ஓடியது பம்பாய்க்கும் தானேவுக்கும் நடுவில், 1853ல். அதில் அவர் ஜெயிப்பார். ஆனால் அந்த முதல் நிலையக் கட்டடங்கள் இன்றைக்கு இல்லை. இன்னும் நிற்கும் நிலையக் கட்டடங்களில் மூத்தது ராயபுரம், 1856 ஜூன் கடைசியில் ஆளுநர் ஹாரிஸ் திறந்து வைத்தது. அங்கிருந்து ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா ரோடு வரை வண்டி போனது. "நிற்கும் கட்டடம்" என்ற சொல்லைச் சேர்த்துப் போடுங்கள், நண்பர் வாயடைத்துப் போவார்.

1873ல் சென்ட்ரல் வந்த பிறகு ராயபுரத்தின் மவுசு குறைந்து சரக்கு யார்டாகிவிட்டது. துறைமுகம் பக்கத்திலேயே இருந்ததால் தண்டவாளங்கள் பெருகின, கட்டடம் மட்டும் அப்படியே தூசி படிந்து கிடந்தது. 2005ல் பழுது பார்த்துத் திறந்தார்கள். கொரிந்திய பாணித் தலை வைத்த அந்த வெள்ளைத் தூண்களை எழும்பூரோடும் சென்ட்ரலோடும் ஒப்பிட்டுப் பாருங்கள், கோபுரமும் கடிகாரமும் இல்லாமல் ஒரு பெரிய மனிதரின் பங்களா போல அடக்கமாக இருக்கும். அங்கே ஒரு முனையம் வேண்டும் என்று வடசென்னைக்காரர்கள் எத்தனையோ வருடமாகக் கேட்கிறார்கள். மியூசியம் ஆக்குவதைவிட அதுதான் அந்தக் கட்டடத்துக்கு மரியாதை என்பது என் கட்சி. கூட்டம் வந்து போகும் கட்டடத்தில் ஓட்டை விழுந்தால் மறுநாளே புகார் போகும். பூட்டி வைத்த கட்டடத்தில் மரம் முளைத்தால்கூடக் கேட்க ஆள் இல்லை.

கேள்வி: ராயபுரத்துக்கு மெரினா மாதிரி மணல் கடற்கரை இருந்ததாக அப்பா சொல்வார். கரையைத் தூர்த்துக் கட்டடம் கட்டிவிட்டார்களா?
(ஆட்டோ ஓட்டுநர், காசிமேடு)

தூர்க்கவில்லை அண்ணே, கடல் எடுத்துக்கொண்டது. அதற்குத் துறைமுகம்தான் காரணம். இந்த ஊர்க் கட்டடக் கதையில் எல்லோரும் மறந்துபோகிற பகுதி இது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கையும் ஆளையும் ஏற்றி வரும். அந்தப் படகில் ஆணி கிடையாது, பலகையைப் பலகையோடு தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள், அலை அடித்தால் படகு உடையாமல் வளைந்து கொடுக்கும். ஆணி அடித்த வெள்ளைக்காரன் படகு எல்லாம் இந்த அலையில் தாங்காது. அந்தப் படகை ஓட்டியவர்களின் ஊர்தான் ராயபுரம், அவர்கள் கட்டிய ராயப்பர் தேவாலயம் இன்றும் இருக்கிறது. முதலில் 1861ல் கடலுக்குள் நீட்டி ஓர் இரும்புப் பாலம் போட்டார்கள். பத்தவில்லை. 1875ல் இரண்டு கற்கரங்களைக் கடலுக்குள் நீட்டித் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள், 1881 நவம்பரில் அடித்த புயல் அதில் பெரும் பகுதியைப் பிய்த்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். வாசல் கிழக்கே பார்த்து இருந்ததால் அலையும் மணலும் உள்ளே வந்துகொண்டே இருந்தன. 1904ல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாசலை மூடி வடகிழக்கே திருப்பிய பிறகுதான் அது ஒழுங்கான துறைமுகம் ஆனது.

சரி, இதற்கும் உங்கள் கரைக்கும் என்ன சம்பந்தம் என்றால், இந்தக் கடற்கரையில் வருடத்தின் பெரும் பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். நடுவில் கல் சுவர் வந்து நின்றதும் மணல் தெற்கே தேங்கியது. மெரினா அவ்வளவு அகலமானது அதனால்தான். வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை, ஆனால் இருந்த மணலை அலை கொண்டுபோவது நிற்கவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் குப்பம் என்று வரிசையாகக் கரை அரித்தது, தெருக்களும் வீடுகளும் கோயில்களும் கடலுக்குள் போயின. தடுக்கக் கருங்கல் கொட்டினார்கள், கொட்டிய இடம் தப்பியது, அதற்கு அடுத்த குப்பம் மாட்டிக்கொண்டது. இன்று எண்ணூர் நெடுஞ்சாலையில் போனால் ஒரு பக்கம் கண்டெய்னர் லாரி வரிசை, மறு பக்கம் கருங்கல் வரிசை. படகு இழுத்துப் போடவும் வலை காயவைக்கவும் மணல் இல்லாமல் போனதும் மீன்பிடித் துறைமுகம் என்று தனியாகக் கட்ட வேண்டி வந்தது.

வீடுகளும் அப்படியே மாறின. மணலைப் பார்த்துத் திறந்த ஓலை, ஓட்டு வீடுகள் போய், சாலையைப் பார்த்து அடுக்கிய குடிசை மாற்று வாரியக் கட்டடங்கள் வந்தன. மீனவக் குடும்பத்தின் வீட்டு வாசல் திரும்பிய திசையே மாறிவிட்டது. தென்சென்னைக்கு நடைப்பயிற்சி போக அகலமான மணல் கிடைத்ததும், வடசென்னை கருங்கல்லைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததும் ஒரே வேலையின் இரண்டு விளைவு. இதை அப்பாவிடம் சொல்லுங்கள், அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

கேள்வி: பர்மா பஜாரை மொத்தமாக எடுத்துவிட்டால் ராஜாஜி சாலையின் பாரம்பரியக் கட்டடங்கள் எடுப்பாகத் தெரியுமே?
(வாசகர், அண்ணாநகர்)

தெரியும். ஆனால் 1960களில் பர்மாவிலிருந்து கையில் ஒன்றும் இல்லாமல் கப்பலில் வந்து இறங்கிய தமிழர்களுக்குப் பிழைப்புக்குக் கொடுத்த இடம் அது. அதற்கும் ஐம்பது வயது தாண்டிவிட்டது, அதுவும் இந்தத் துறைமுகத்தின் வரலாறுதான். அண்ணாநகரிலிருந்து பார்த்தால் இடைஞ்சலாகத்தான் தெரியும்.

கேள்வி: மண்ணடியில் எங்களுக்கு அரை கிரவுண்டில் பூர்வீக வீடு. மழை வந்தால் மச்சு ஒழுகுகிறது. அண்ணன் தம்பி நாலு பேர். பில்டர் பாதிக்குப் பாதி என்கிறார். எனக்கு இடிக்க மனசில்லை, மற்றவர்களுக்குப் பணம் வேண்டும். என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

மனசைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை ஐயா, நாலு பங்காளி விஷயத்தில் பத்திரிகைக்காரன் தலையிட்டால் அஞ்சாவது பங்காளி ஆகிவிடுவான். கூரையைப் பற்றிச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது மெட்ராஸ் டெரஸ் என்று ஊரெல்லாம் சொல்லும் மட்டப்பா. ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குச் சட்டம், அதன் மேல் அச்சுக்கல் என்ற மெல்லிய செங்கல்லை நெட்டுக்குத்தாக, கோணலாகச் சாய்த்து வரிசை வரிசையாகச் சுண்ணாம்புக் கலவையில் ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே முட்டுக் கொடுக்காமலேயே ஒரு வரிசை அடுத்த வரிசையைப் பிடித்துக்கொள்ளும், அதுதான் அந்தக் கொத்தனார்களின் கைத்திறமை. அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து. கடைசியில் மேலே தட்டையான ஓடு பதிப்பார்கள். சுண்ணாம்பு பழவேற்காட்டுப் பக்கத்துக் கிளிஞ்சலைச் சுட்டது, தேக்கு பர்மாவிலிருந்து இதே துறைமுகத்தில் இறங்கியது. இப்படிக் கட்டிய கூரை நூறு வருடம் சாதாரணமாக நிற்கும்.

ஆக, ஒழுகுகிறது என்றால் உடனே "கட்டடம் செத்துப்போச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பில்டர் நிச்சயம் அப்படித்தான் சொல்வார். பெரும்பாலும் நடப்பது இது: எப்போதோ ஒழுகியபோது யாரோ மேலே சிமெண்ட் பூசியிருப்பார்கள். சுண்ணாம்பு சூட்டுக்கு விரியும், சுருங்கும், ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் இறுக்கமாக உட்கார்ந்துகொண்டு வெடிக்கும், வெடிப்பில் இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் சட்டத்தை ஊற வைக்கும். கைப்பிடிச் சுவர் ஓரமாக ஓர் அரசங்கன்று முளைத்திருக்கும், பார்த்தீர்களா? முதலில் பார்க்க வேண்டியது சட்டத்தின் இரண்டு முனைகளை, சுவருக்குள் செருகியிருக்கும் இடத்தை. மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். கம்பி உள்ளே இறங்காவிட்டால் மரம் நல்ல மரம், மேல்தளத்தை மட்டும் பிரித்துத் திரும்பப் போட்டால் போதும். பொசுபொசுவென்று இறங்கினால் அந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும். எல்லாச் சட்டமும் அப்படி இருந்தால் மட்டும்தான் இடிக்கிற பேச்சு. சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரிகள் குறைந்துவிட்டார்கள், ஆனால் அடியோடு இல்லாமல் போகவில்லை. பழைய தேவாலயம், கோயில் பழுது பார்க்கும் இடங்களில் விசாரித்தால் ஆள் கிடைக்கும்.

இனி பணக் கணக்கு. 2019 கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடங்களுக்கு எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, ஒன்றரையிலிருந்து இரண்டாக உயர்ந்தது. அரை கிரவுண்டு என்றால் ஆயிரத்து இருநூறு சதுர அடி, மொத்தம் இரண்டாயிரத்து நானூறு வரை கட்டலாம் என்று காகிதத்தில் வரும். அதில் பாதி பில்டருக்கு, மீதியை நாலாகப் பிரித்தால் தலைக்கு முந்நூறு சதுர அடிதான். அதிலும் படிக்கட்டும் சுவரும் போக என்ன மிஞ்சும் என்று அண்ணன் தம்பிகளை உட்கார வைத்துத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டுங்கள். இப்போது இருக்கும் வீட்டின் பரப்பையும் பக்கத்திலேயே எழுதுங்கள், கீழும் மேலுமாக நீங்கள் ஏற்கெனவே கிட்டத்தட்ட அதே அளவு கட்டடத்தில்தான் இருக்கிறீர்கள். பில்டர் அதற்கு மேல் மாடி காட்டினால், அனுமதி வாங்கிய வரைபடத்தைக் கேளுங்கள். மேல்மாடிக்கு அனுமதி இல்லாவிட்டால் நாளைக்கு சீல் வைக்கும்போது பில்டர் இருக்கமாட்டார், உங்கள் தம்பிதான் இருப்பார்.

அப்படியும் இடிப்பது என்று முடிவானால், இடிக்கிற கான்ட்ராக்டரிடம் மரத்தைச் சும்மா விட்டுவிடாதீர்கள். தேக்குச் சட்டம், நிலை, கதவு, இரும்பு கர்டர் எல்லாவற்றுக்கும் தனியாக எண்ணிக்கை எழுதி விலை பேசுங்கள். உங்கள் நிலைக்கதவு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதாவது ஒரு ரிசார்ட்டின் வரவேற்பறையில் போய் நிற்கும்போது அதன் விலை உங்களுக்கே வயிற்றெரிச்சலாக இருக்கும். அப்புறம், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் வீடு இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 2010ல் பாரத் இன்சூரன்ஸ் கட்டட வழக்கில் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு அந்தப் பட்டியலில் இருப்பதை நினைத்த மாத்திரத்தில் இடிக்க முடியாது. பட்டியலில் பெரும்பாலும் தேவாலயம், வங்கி, அரசுக் கட்டடம்தான். குடியிருந்த வீடுகளை யாரும் கண்டுகொள்ளவில்லை என்பது என் நெடுநாள் குறை. மும்பையில் பாரம்பரியக் கட்டடத்தை இடிக்காமல் வைத்திருப்பவர் தான் கட்டாமல் விட்ட பரப்பை வேறு இடத்தில் கட்டுபவருக்கு விற்கலாம். அது மாதிரி கையில் காசு வந்தால்தான் இங்கேயும் உங்களைப் போன்றவர்கள் பங்காளிகளோடு வாதாட முடியும். வெறும் பெருமையைக் காட்டி யாரும் தம்பியைச் சமாதானப்படுத்த முடியாது.

கேள்வி: என் மகன் லண்டனில் இருக்கிறான். போயிருந்தபோது டாக்லேண்ட்ஸ் பகுதியைச் சுற்றிக் காட்டினான். பழைய கிட்டங்கிகளை எல்லாம் அழகான வீடுகளாக மாற்றியிருக்கிறார்கள், பக்கத்தில் வானளாவிய கட்டடங்கள். நம் துறைமுகத்து ஓரத்தையும் அப்படிச் செய்ய முடியாதா?
(ஓய்வு பெற்ற ஆசிரியை, பெரம்பூர்)

அம்மா, நீங்கள் பார்த்த அழகுக்குப் பின்னால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. லண்டனில் துறைமுகம் செத்த பிறகுதான் அதெல்லாம் நடந்தது. கண்டெய்னர் கப்பல்கள் வந்ததும் நகரத்துக்குள் இருந்த சின்னத் துறைகள் பயன்படாமல் போயின. செயின்ட் கேத்தரின் துறை 1968ல் மூடியது, 1802ல் திறந்த வெஸ்ட் இந்தியா துறை 1980ல், ராயல் துறைகள் 1981ல். பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள், ஏக்கர் கணக்கில் நிலம் காலியாகக் கிடந்தது. 1981ல் அரசாங்கம் தனிக் கழகம் அமைத்து அந்த நிலத்தைக் கையில் எடுத்தது, 1987ல் குட்டி ரயில் விட்டது, 1991ல் கேனரி வார்ஃபில் 235 மீட்டர் கோபுரம் எழுந்தது. வாப்பிங்கில் மிளகும் கம்பளியும் அடுக்கிய செங்கல் கிட்டங்கிகள் பணக்காரர் குடியிருப்பாயின. அந்த கிட்டங்கிகளில் மூட்டை தூக்கியவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே வீடு வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்ற மனக்குறை இன்றுவரை அங்கே உண்டு, மகனிடம் கேட்டுப் பாருங்கள்.

நம் துறைமுகம் உயிரோடு இருக்கிறது. 1964ல் ஜவகர் துறை, 1983ல் கண்டெய்னர் முனையம் என்று அது வளர்ந்துகொண்டேதான் போனது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011ல் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் நின்றன. ராயபுரத்து மொட்டைமாடிகளில் காயப்போட்ட துணி கறுப்பாவது அதோடு குறைந்தது. சரக்கு நிற்கவில்லை. ஆகவே இங்கே காலி நிலம் கிடையாது, காலிக் கிட்டங்கியும் குறைவு. லாரி போக வழி இல்லாததுதான் பிரச்சினை. அதற்காக 2009ல் அடிக்கல் நாட்டிய மதுரவாயல் பறக்கும் சாலை, நடுவில் நின்று, 2022ல் திரும்ப அடிக்கல் நாட்டப்பட்டது.

ஆனால் ஒன்றை லண்டனிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம், கிட்டங்கியின் வெளிச்சுவரை வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் மாற்றுவது. ராஜாஜி சாலையில் அதைச் செய்திருக்க முடியும். 1892ல் இப்போதைய செந்நிறக் கட்டடத்துக்குப் போகும் வரை உயர் நீதிமன்றம் இயங்கிய பென்டிங்க் கட்டடத்தை அடியோடு இடித்துவிட்டுத்தான் சிங்காரவேலர் மாளிகையைக் கட்டினார்கள். 1923ல் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய சிங்காரவேலருக்கு இன்னும் நல்ல கட்டடம் கொடுத்திருக்கலாம். எதிர் உதாரணமும் அதே சாலையில் உண்டு. 1884ல் கட்டடக் கலைஞர் சிஷோம் கட்டிய தலைமை அஞ்சலகம் 2000ல் தீப்பிடித்து எரிந்தது, இடிக்காமல் பழுது பார்த்தார்கள், இன்றும் உள்ளே ஸ்டாம்ப் விற்கிறார்கள்.

கேள்வி: பழசு பழசு என்று உருகுகிறீர்களே, வாரியக் குடியிருப்பில் சிமெண்ட் தலையில் உதிர்ந்துகொண்டு இருக்கிறோம். எங்களுக்கு இடித்துக் கட்டினால்தான் வாழ்வு. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?
(வாசகி, திருவொற்றியூர்)

இடிக்கத்தான் வேண்டும், உடனே. 2021 டிசம்பர் 27 அன்று உங்கள் ஊர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட பிளாக் சரிந்து விழுந்ததே, முன்கூட்டியே விரிசலைப் பார்த்து ஆட்களை வெளியேற்றியதால் உயிர்கள் தப்பின. நூறு வருடத்துச் சுண்ணாம்புச் சுவர் நிற்கிறது, முப்பது வருடத்துக் கான்கிரீட் விழுகிறது என்றால் குற்றம் கான்கிரீட்டின் மேல் இல்லை. கடல் காற்றின் உப்பு கம்பியைத் தின்னும் என்று தெரிந்தும், கம்பிக்கு மேல் போதுமான கலவை மூடாமல் சிக்கனம் பிடித்தவர்கள் மேல் குற்றம்.

1970ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது இருந்த இடத்திலேயே வீடு என்பதுதான் கொள்கை. பிறகுதான் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே அனுப்பும் பழக்கம் வந்தது. வடசென்னை வளர்ச்சித் திட்டத்தை 2023ல் 1,000 கோடி என்று அறிவித்து, 2024 மார்ச்சில் நாலாயிரம் கோடிக்கு மேல் உயர்த்தித் தொடங்கினார்கள். அதில் வாரிய வீடுகளை இருந்த இடத்திலேயே திரும்பக் கட்டுவது நல்ல விஷயம். ஆனால் வரைபடம் வந்ததும் நீங்கள் பார்க்க வேண்டியது வீட்டின் சதுர அடியை மட்டும் இல்லை. வலை எங்கே வைப்பது, மீன் கூடையும் ஐஸ் பெட்டியும் எட்டாவது மாடிக்கு எப்படிப் போகும், லிஃப்ட் நின்றால் யார் ரிப்பேர் செய்வது, கருவாடு எங்கே காயும், சாவு விழுந்தால் பந்தல் எங்கே போடுவது. இதையெல்லாம் கட்டுவதற்கு முன்னால் கேட்டால் இடம் கிடைக்கும், சாவி வாங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது. கூட்டம் போடும் அன்றைக்குப் பெண்கள் முன்வரிசையில் உட்காருங்கள்; வலை பின்னுவதும் கூடை எடுப்பதும் யார் என்று இன்ஜினியருக்குத் தெரியட்டும்.

கேள்வி: மிச்சம் இருப்பதையாவது பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். ஒரு காலைப்பொழுதில் நடந்தே பார்க்க வழி சொல்லுங்கள்.
(வாசகர், கொரட்டூர்)

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மொத்த வியாபாரக் கடைகள் மூடியிருக்கும், தள்ளுவண்டியும் லோடு ஆட்டோவும் இல்லாமல் தெருவின் உண்மையான அகலம் தெரியும், தலையை நிமிர்த்தி நடக்கலாம். அதுதான் முக்கியம், பழைய ஜார்ஜ் டவுன் முழுவதும் முதல் மாடிக்கு மேல்தான் மிஞ்சியிருக்கிறது. கீழே ஃபிளெக்ஸ் போர்டு, மேலே பார்த்தால் மரக் கைப்பிடியும் சுதை வேலையும்.

கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி, தலைமை அஞ்சலகம், 1897ல் முடிந்த ஸ்டேட் வங்கிக் கட்டடம் இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டே பாரிமுனைக்கு வந்தால் டேர் ஹவுஸ். 1940ல் கட்டிய அந்த வழவழப்பான கட்டடத்தையும் செந்நிறக் கட்டடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பிள்ளைகளுக்குக் காலம் புரிந்துவிடும். அங்கிருந்து அர்மேனியன் தெரு, 1772ல் கட்டிய அர்மேனியன் தேவாலயத்தின் முற்றத்தில் கொஞ்சம் உட்காருங்கள். அப்புறம் தம்புச் செட்டித் தெரு வழியாகக் காளிகாம்பாள் கோயில். அதற்கு மேல் நடக்கப் பிள்ளைகள் அடம்பிடித்தால் ஆட்டோ பிடித்து ராயபுரம் மாடிப் பூங்கா. ஊரைச் சுற்றி எழுப்பிய கோட்டைச் சுவரில் மிஞ்சியது அதுதான், மேலே பூங்கா, கீழே பழைய சுவர். கடைசியாக ராயபுரம் ஸ்டேஷன். பார்சிகளின் 1910ஆம் வருட அக்னி கோயிலும் அந்தப் பக்கம்தான், ஆனால் மற்ற மதத்தவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை, வாசலோடு திரும்பிவிடுங்கள்.

ஞாயிறு காலை காசிமேட்டில் மீன் மலிவு என்று யாராவது சொல்வார்கள், உண்மைதான். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வஞ்சிரப் பையோடு தேவாலயத்துக்குள் போனால் வாட்ச்மேன் விடமாட்டார்.